ஹெங்காய்

"கொப்பரைக் கணக்கு எல்லாம் வருதுங் தம்பி. தேங்காய்தான் வரமாட்டீங்குது. முட்டை முட்டையா நிக்குது."

மண்டிக் கணக்குப்பிள்ளை போனில் இதைச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தேங்காய் இல்லாமல் கொப்பரை எங்கிருந்து வரும்? ஆனால் அவர் சொன்னது அப்படியே உண்மை. நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் தினமும் சாயங்காலம் கொப்பரை வரவைச் சரியாகக் கூட்டிக் காட்டியது. தேங்காய்க்கு நேராக மட்டும் பூஜ்யம். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து நாளாக.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் பேசுவது தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், கம்ப்யூட்டரில் ஆங்கிலம். மண்டி இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி போகிற வழியில். தோப்பு இரண்டு பக்கமும் இருப்பதால் காய் இரண்டு பக்கமிருந்தும் வரும். மண்டிக் கம்ப்யூட்டரில் சி டிரைவுக்குள் 'மண்டி' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் கொப்பரை, தேங்காய், மட்டை, நார் என்று சரக்குக்கு ஒன்று. பெயர்கள் தமிழ்தான், ஆனால் வாட்ஸ்அப்பில் நாம் தட்டுவது போல ஆங்கில எழுத்தில். ஒவ்வொன்றிலும் அன்றாடக் கணக்கு ஒரு கோப்பாக விழும். எல்லாவற்றையும் எடுத்துக் கூட்டுவது என் புரோகிராமின் வேலை. பைத்தான் என்ற கணினி மொழியில் 60 வரிகூட இருக்காது.

மறுநாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். ஃபோல்டர் இருக்கிறது, பெயரில் எழுத்துப் பிழை இல்லை, உள்ளே கோப்புகளும் இருக்கின்றன. புரோகிராம் எந்தப் பாதையில் போய்த் தேடுகிறது என்று திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். சி:\மண்டி என்று சரியாகத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு அகலமான வெற்றிடம். வெற்றிடத்துக்கு அந்தப் பக்கம் 'ஹெங்காய்' என்று நின்றது.

தேங்காய்க்குத் தலையை வெட்டிவிட்டார்கள்! ஆங்கிலத்தில் 'டி'யும் 'எச்'சும் சேர்ந்துதான் நம் 'தே' தொடங்குகிறது. அதில் 'டி' காணாமல் போய் 'எச்' மட்டும் மிச்சம். கூடவே அதற்கு முன்னால் இருந்த பேக்ஸ்லாஷையும், அதாவது \ கோட்டையும், காணோம். இரண்டும் சேர்ந்து போன இடத்தில்தான் அந்த வெற்றிடம்.

புரோகிராம் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது விழுந்த குழி இது. விண்டோஸில் ஃபோல்டருக்கும் ஃபோல்டருக்கும் நடுவே வருவது \ என்ற பின்சாய்ந்த கோடு. பைத்தான், சி, ஜாவா போன்ற மொழிகளிலோ மேற்கோளுக்குள் அதே கோடு வந்தால் 'அடுத்து வரும் எழுத்தை அப்படியே படிக்காதே, அதற்கு வேறு பொருள்' என்று அர்த்தம். எஸ்கேப் எழுத்து என்பது இதைத்தான். அதன் பின்னால் 'டி' வந்தால் டேப், அதாவது தட்டச்சில் ஒரு தாவு தாவுகிற இடைவெளி. 'என்' வந்தால் புது வரி. நான் ஃபோல்டர் பெயர் என்று எழுதினேன், பைத்தான் டேப் என்று படித்தது. எழுதியவன் மேல்தான் தப்பு, படித்தவர் மேல் இல்லை.

அப்படியென்றால் கொப்பரை எப்படி வந்தது? அதிர்ஷ்டம்தான். பேக்ஸ்லாஷுக்குப் பின் 'கே' வந்தால் பைத்தானில் விசேஷப் பொருள் எதுவும் கிடையாது. பொருள் இல்லாவிட்டால் அது பேக்ஸ்லாஷைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். மண்டியின் 'எம்'முக்கும் அதே கதை. ஆக மண்டி பிழைத்தது, கொப்பரை பிழைத்தது, மட்டையும் பிழைத்தது. தேங்காய் மட்டும் மாட்டிக்கொண்டது. இந்தத் தாராள மனதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. தப்பு என்றால் எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்லியிருந்தால் முதல் நாளே திருத்தியிருப்பேன். பைத்தான் ஆட்களுக்கும் இது உறுத்தியிருக்க வேண்டும். 2016-இல் வந்த 3.6 பதிப்பில் இப்படிப் பொருளற்ற சேர்க்கைக்கு ஓர் எச்சரிக்கை வைத்தார்கள், ஆனால் சாதாரணமாக அது யார் கண்ணிலும் படாது. 2023-இல் வந்த 3.12 பதிப்பிலிருந்துதான் கண்ணில் படுகிற மாதிரிச் சொல்கிறது. மண்டிக் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய பதிப்பு.

விஷயம் பிடிபட்டதும் மற்ற ஃபோல்டர்களையும் ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் வரை எனக்கு நல்ல பொழுதுபோக்கு. 'நார்' இரண்டாக உடைந்து, 'ஆர்' மட்டும் அடுத்த வரிக்குப் போனது. அந்த ஃபோல்டரில் இன்னும் கணக்கே ஏறவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை. 'பாக்கி' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. பேக்ஸ்லாஷுடன் 'பி' சேர்ந்தால் பேக்ஸ்பேஸ், ஒரு எழுத்து பின்னால் போவது. அது மண்டியின் கடைசி எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, 'மண்டாக்கி' என்று திரையில் வந்தது. எல்லாவற்றையும்விட 'அழுகல்' பிரமாதம். அழுகிய காய்களைக் கழிப்பதற்கு வைத்த ஃபோல்டர் அது. பேக்ஸ்லாஷும் 'ஏ'யும் சேர்ந்தால் மணி. பாதையை அச்சிட்டதும் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. கணக்குப்பிள்ளை கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

டெலிபிரிண்டர் காலத்தில் நிஜமாகவே ஒரு மணி உண்டு. தந்தி வந்து விழுகிறது, வந்து பாருங்கள் என்று ஆபரேட்டரைக் கூப்பிடுவதற்கு. அந்த மணிக்குக் கொடுத்த எண் இன்னும் கணினிக்குள் உயிரோடு இருக்கிறது.

நான் கிளம்பும் நேரத்தில் இன்னொரு சங்கடம். முதலாளி, உரித்த காய்க்குத் தனிக் கணக்கு வேண்டும் என்றார். 'உரித்தது' என்று ஃபோல்டர் போட்டேன். இந்தத் தடவை பூஜ்யம்கூட வரவில்லை, புரோகிராமே கிளம்ப மறுத்தது. பேக்ஸ்லாஷுக்குப் பின் சின்ன 'யூ' வந்தால் அடுத்த 4 எழுத்துகளும் ஒரு யூனிகோட் எண், அதாவது உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பட்டியலில் உள்ள ஓர் எண், என்று பைத்தான் எதிர்பார்க்கும். பெரிய 'யூ' என்றால் 8. 'உரித்தது'வில் ஏது எண்? விண்டோஸில் ஒவ்வொருவரின் கோப்புகளும் சி டிரைவில் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள்தான் குடியிருக்கின்றன. அது பெரிய 'யூ'வில் தொடங்குகிறது. பைத்தான் கற்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே யூனிகோட் பற்றிய புரியாத பிழைச்செய்தியைப் பலர் சந்திப்பது இதனால்தான். வாசல் படியிலேயே வாழைப்பழத் தோல்.

பிழைச்செய்தி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நான் அரை மணி நேரம் வீணாக்கினேன். கோப்பைத் திறக்க முடியவில்லை என்று பைத்தான் சொல்லும்போது பாதையையும் காட்டுகிறது. அதில் மண்டிக்கு முன்னால் இரண்டு பேக்ஸ்லாஷ் இருந்தது, தேங்காய்க்கு முன்னால் ஒன்றுதான். நான் எழுதியது எல்லா இடத்திலும் ஒன்று. சரி, மண்டிக்கு முன்னால் இருப்பதுதான் தப்பு, எங்கேயோ கூடுதலாக ஒன்று நுழைந்துவிட்டது என்று அதைத் துரத்திக்கொண்டிருந்தேன். நிஜம் நேர் எதிர். பிழைச்செய்தியில் பைத்தான் பாதையை மேற்கோளுக்குள், தன் மொழியிலேயே எழுதிக் காட்டுகிறது. அந்த மொழியில் ஒரு நிஜ பேக்ஸ்லாஷை எழுத இரண்டு போட வேண்டும். ஆக, இரட்டையாகத் தெரிவது ஆரோக்கியமாக இருக்கிறது. ஒற்றையாகத் தெரிகிறதே, அதுதான் நோயாளி.

திருத்துவது சுலபம். ஒவ்வொரு பேக்ஸ்லாஷையும் இரண்டாகப் போடலாம். அல்லது மேற்கோளுக்கு முன்னால் ஆங்கில 'ஆர்' ஒன்றைப் போட்டால், 'உள்ளே இருப்பதை உள்ளபடி படி' என்று அர்த்தம். இந்த 'ஆர்' ஒரு வேடிக்கை செய்யும். பாதையின் கடைசியில் ஒற்றை பேக்ஸ்லாஷ் வந்து மேற்கோள் முடிந்தால், அந்த பேக்ஸ்லாஷ் மேற்கோளையே பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்கோள் மூடவே மூடாது. உள்ளபடி படி என்று சொன்ன பிறகும் இந்த ஒரு குணம் அதை விடவில்லை. நான் இப்போது செய்வது மூன்றாவது வழி. பைத்தானில் 2014 முதல், 3.4 பதிப்பிலிருந்து, பாத்லிப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஃபோல்டர் பெயர்களைத் தனித்தனியாகக் கொடுத்தால் நடுவில் என்ன கோடு போட வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். சாதாரண / கோட்டையே போட்டாலும் பெரும்பாலும் நடக்கும், விண்டோஸ் உள்ளுக்குள் அதையும் ஏற்றுக்கொள்கிறது. கட்டளைத் திரையில் மட்டும் முரண்டு பிடிக்கும்.

அது ஏன் முரண்டு பிடிக்கிறது என்று தேடிப் போனால் பெரிய கதை. விண்டோஸுக்கு முன்னோடியாக 1981-இல் வந்த முதல் டாஸில் ஃபோல்டரே கிடையாது. கட்டளைக்கு 'இப்படிச் செய், அப்படிச் செய்' என்று கூடுதல் குறிப்புக் கொடுக்க / கோட்டைப் பயன்படுத்தினார்கள். 1983-இல் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர் வந்தது. யூனிக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம் அதற்கு ஏற்கனவே / வைத்திருந்தது. ஆனால் இங்கே அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. அப்புறம் என்ன, கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும் \ கோட்டைப் போட்டுக்கொண்டார்கள். அந்த இரண்டு வருட இடைவெளிக்கு நான் இன்றைக்குப் பொள்ளாச்சி ரோட்டில் பெட்ரோல் போடுகிறேன்.

அந்தக் கோடு கணினிக்குள் வந்ததே வேறு காரணத்துக்காக. பாப் பெமர் என்பவர் 1961-இல் அதை ஆஸ்கி எழுத்து வரிசைக்குள் கொண்டுவந்தார். அல்கோல் என்ற மொழியில் 'மற்றும்' 'அல்லது' என்பதற்குக் கூரை மாதிரி ஒரு குறியும் கவிழ்த்த கூரை மாதிரி ஒரு குறியும் உண்டு. /\ என்றும் \/ என்றும் இரண்டு கோடுகளைச் சாய்த்து வைத்தால் அவை கிடைத்துவிடும். அவ்வளவுதான் திட்டம். கூரைக்குக் கொண்டுவந்த கோடு பிற்பாடு இரண்டு வேலைக்குப் போனது. சி மொழிக்கு முன் இருந்த பி என்ற மொழியில் எஸ்கேப் வேலையை நட்சத்திரக் குறி பார்த்துவந்தது. சி வந்தபோது அந்த வேலை பேக்ஸ்லாஷுக்கு மாறியது. ஒரே ஆள் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், இன்னொன்றில் மொழிபெயர்ப்பாளர்.

இரட்டிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்ல என் அப்பாவின் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். அப்பா பல வருடம் தேங்காய் லோடு ஓட்டினார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் எல்லையில் வணிக வரிச் சாவடிகள் இருந்தன. வாளையாரில் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். கிளம்பும்போதே கார்பன் வைத்து பில் மூன்று நகல் போட்டு வாங்கிக்கொள்வார். வழியில் கேட்கிற இடத்தில் ஒன்று கிழிபடும். கடைசியில் சரக்கு இறக்கும் இடத்தில் கையில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் வெறுங்கை.

பேக்ஸ்லாஷும் இப்படித்தான் பயணம் போகிறது, ஆனால் இதில் கெடுபிடி இன்னும் அதிகம். லாரிக்குச் சாவடிக்கு ஒரு நகல் போகும், இதற்குச் சாவடிக்குப் பாதி போகும். மண்டியில் பின்னால் இன்னொரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். நெட்வொர்க் வழியாக அதைத் தொட வேண்டுமென்றால் பாதை இரண்டு பேக்ஸ்லாஷில் தொடங்க வேண்டும், அது விண்டோஸ் விதி. அந்தப் பாதையை ஜேசன் என்ற அமைப்புக் கோப்பில் எழுதினேன். ஜேசனுக்கும் பேக்ஸ்லாஷ் எஸ்கேப்தான், ஆக 4. அந்தக் கோப்பையே பைத்தானுக்குள் ஒரு மேற்கோளாக எழுதிச் சோதித்தபோது 8. எட்டுக் கோடு வரிசையாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் காற்றடித்த தோப்பு போல இருந்தது. தேடுவதற்கு உதவும் ரெகெக்ஸிலும் இதே கூத்து. ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேடச் சாதாரண மேற்கோளில் 4 எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் சரியாகும் வரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பார்கள், நானும் செய்திருக்கிறேன். அதைவிட, நடுவில் எத்தனை பேர் இதைப் படிக்கிறார்கள் என்று விரல்விட்டு எண்ணுவது நல்லது.

ஜேசன் பைத்தானைப் போலத் தாராளம் இல்லை என்பதையும் அங்கேதான் கற்றேன். முதலாளியின் மகன் நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்து, ஒற்றைக் கோட்டில் பாதையை மாற்றிவிட்டுப் போயிருந்தான். ஜேசன் 'மண்டி'யின் முன்னால் இருந்த கோட்டைப் பார்த்ததும் இது என்ன சேர்க்கை, எனக்குத் தெரியாது என்று நின்றுவிட்டது. பைத்தான் கண்டுகொள்ளாமல் விட்ட அதே மண்டி. எனக்கு ஜேசன் மேல் மரியாதை வந்தது.

ஒன்றையே இடத்துக்கு இடம் வேறு மாதிரிப் படிப்பது எல்லை ஊர்க்காரனுக்குப் புரியாத விஷயம் இல்லை. சித்தூரில் எனக்கொரு நண்பன். வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் 'ஒரு அவசரம் உண்டு' என்று மலையாளத்தில் செய்தி அனுப்பினான். பதறிப்போய் பஸ் பிடித்தேன். அவன் சொன்னது வாய்ப்பு. மலையாளத்தில் அவசரம் என்றால் அதுதான். சித்தூர் மாவட்டத்து ஆந்திரக்காரரிடம் கேட்டால் அவசரம் என்றால் தேவை என்பார் (அங்கேயும் ஒரு சித்தூர், அது வேறு குழப்பம்). 'சம்சாரம்' மலையாளத்தில் பேச்சு, தமிழில் மனைவி. ஜப்பானியக் கணினிகளில் இதே பேக்ஸ்லாஷின் எண்ணான 92-இல் யென் நாணயக் குறியைக் குடிவைத்திருந்தார்கள். அவர்களுடைய விண்டோஸில் பாதை சி:¥ என்று பணமாகத் தெரியும். கொரியாவில் அந்த இடத்தில் வான் நாணயம்.

தமிழுக்குள்ளேயே ஓர் எஸ்கேப் எழுத்து இருக்கிறது என்பது இதையெல்லாம் தட்டிக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் உறைத்தது. 'ஃபோல்டர்' என்று எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் பாருங்கள். அந்த ஆய்தத்துக்கு அங்கே தனி ஒலி இல்லை. அடுத்து வரும் 'போ'வை வழக்கம்போலப் படிக்காதே என்று சொல்வதற்காக நிற்கிறது. ஆனால் 'எஃகு' என்று எழுதினால் அது தன் பழைய ஒலியோடு தானாகவே நிற்கிறது. எங்கே எப்படிப் படிப்பது என்று நமக்கு யாரும் விதி சொல்லித்தரவில்லை, படித்துவிடுகிறோம்.

சரி, இவ்வளவு வம்பு எதற்கு, ஃபோல்டர் பெயர்களையே தமிழ் எழுத்தில் வைத்துவிடுவோம் என்று தோன்றியது. பேக்ஸ்லாஷுக்குப் பின் 'தே' வந்தால் எந்த மொழியும் அதை டேப் என்று நினைக்காது. விண்டோஸுக்கும் தமிழ்ப் பெயரில் ஆட்சேபணை கிடையாது. கணக்குப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம், அவரே உட்கார்ந்து எல்லாப் பெயரையும் தமிழில் மாற்றினார். நான் வீட்டிலிருந்து புரோகிராமைத் திருத்தி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் போன். "தம்பி, இப்பத் தேங்காய் வருதுங். கொப்பரை வரமாட்டீங்குது."

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

தப்பு 'கொ'வில் இருந்தது. யூனிகோடில் 'கொ' எழுத இரண்டு வழி. க-வுக்குப் பின் ொ என்ற முழுக் குறியை ஒரே எண்ணாகப் போடலாம். அல்லது கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று ெ, ா இரண்டையும் தனித்தனி எண்ணாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒரே கொப்பரை. நான் தட்டும் விசைப்பலகை முதல் வகை. அவர் பழைய டைப்ரைட்டிங் பழக்கத்தில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டுகிற ஆள். விண்டோஸ் கோப்புப் பெயரில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை, எண் வேறு என்றால் பெயர் வேறு. தேங்காயின் 'தே'யில் கால் இல்லை, அதனால் அது தப்பித்தது. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்க ஒரே வரி போதும், யூனிகோட் இயல்பாக்கம் என்று அதற்குப் பெயர். மலையாளத்தில் பெயர் வைத்த ஒரு வியாபாரியின் ஃபோல்டருக்கு அந்த வரியும் உதவவில்லை. மலையாளத்தில் 'பால்' என்பதன் கடைசியில் வரும் ல் போன்ற சில்லு எழுத்துகளுக்கு 2008-இல், யூனிகோட் 5.1 பதிப்பில்தான் தனி எண் கிடைத்தது. அதற்கு முன் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பு எழுத்தைச் சேர்த்து எழுதினார்கள். அந்தப் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் இயல்பாக்கம் ஒன்றாகக் கருதாது. அதற்குத் தனியாக ஒரு மாற்றுப் பட்டியல் எழுதினேன்.

மறுபடியும் பைக், மறுபடியும் அதே ரோடு. கணக்குப்பிள்ளைக்கு அருகில் உட்கார்ந்து இரண்டு கொப்பரையையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இரண்டும் ஒண்ணுதானுங்களே?"

"பார்க்கத்தானுங்க."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கூட்டல் வந்ததும் பேனாவால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தார். "இதுல நேத்து வந்த வண்டி ஒண்ணு விட்டுப்போச்சுங்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். நேற்றைய கோப்பே அதில் இல்லை. அவர் சட்டைப் பையைத் தடவினார். வண்டிச் சீட்டு நான்காக மடித்தபடி அங்கேயே இருந்தது.